பிஸ்கட் டப்பாவின் முப்பத்தொரு குறைகள்

ஆஸ்கில்டேல் பழைய ரயில் பாதுகாப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசக்கூடாது. எதைச் சொல்வதானாலும் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த விதியை எழுதி வைத்தவர்கள், ஒரு நாள் கணவனும் மனைவியும் அதே மேஜைக்கு எதிரெதிரே வந்து உட்காருவார்கள் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

"தலைவரே, திருமதி ஓல்ட்ராய்டுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தணும். நம்ம கொட்டகையில காலியா இருக்கறது ஒரே ஒரு இடம்," என்றார் க்ளிஃபர்ட் ஓல்ட்ராய்ட்.

"தலைவரே, திரு. ஓல்ட்ராய்டுக்கு மனைவி இருக்கறதும் ஒண்ணே ஒண்ணுதான். அதையும் ஞாபகத்துல வெச்சுக்கச் சொல்லுங்க," என்றாள் ப்ரூடன்ஸ் ஓல்ட்ராய்ட்.

தலைவர் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டையும் குறிப்பில் எழுதச் சொன்னார்.

சண்டை இதுதான். யார்க்ஷயர் மலைச்சரிவில் ஆறு மைல் தண்டவாளத்தில் ஞாயிறுதோறும் நீராவி வண்டி ஓட்டுகிற சங்கம் அது. ஓட்டுவதும் கரி அள்ளுவதும் டிக்கெட் கிழிப்பதும் எல்லாம் ஓய்வுபெற்றவர்கள்தான். கொட்டகையில் இரண்டு பெட்டிகள் நிற்குமளவு இடம் ஒன்று காலியாகியிருந்தது. அந்த இடத்துக்கு நீராவி வேண்டாம், இப்போது ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்து பின்னால் வருகிறவர்களுக்காகப் பாதுகாப்போம் என்று பொதுக்குழு முடிவு செய்துவிட்டது. எந்த வண்டி என்பதில்தான் மூன்று கூட்டம் முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்தது.

டெஸ்மண்டுக்கு மூக்கு நீண்ட விரைவு வண்டி மேல் ஆசை. அதை ஊருக்கு ஊர் ஒன்று வாங்கி நிறுத்தியாகிவிட்டது, அடுத்த பள்ளத்தாக்கில் மட்டும் இரண்டு நிற்கிறது என்று ப்ரூடன்ஸ் எடுத்துக்காட்டினாள். வார்னிஷ் அடிப்பதில் கில்லாடியான ஆர்னால்ட் பேர்ஸ்டோ, லண்டன் சுரங்க ரயில் பெட்டி ஒன்றை முன்மொழிந்தார். நம்மிடம் சுரங்கம் இல்லை, மின்சாரமும் தேநீர்க்கடை கெட்டிலுக்கே போதவில்லை என்று யாரோ சொன்னதும் வாபஸ் வாங்கிக்கொண்டார். க்ளிஃபர்டுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. சங்கத்தின் பட்டறைத் தலைவரான அவரைப் பொறுத்தவரை, புகை விடாதது ரயிலே அல்ல.

ப்ரூடன்ஸ் கேட்டதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் கேட்டது பிஸ்கட் டப்பாவை.

அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து லீட்ஸ் நகரத்துக்குத் தினமும் போய்வந்த இரண்டு பெட்டி டீசல் வண்டிக்கு ஜனங்கள் வைத்த பேர் அது. இப்போது புது வண்டிகள் வந்துகொண்டிருந்ததால் டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்கு உடைக்கிற வெட்டுப்பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வந்து எடுத்துப்போவதானால் ஒன்றைச் சும்மாவே தருவதாக ரயில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது.

லீட்ஸ் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த ப்ரூடன்ஸ், இருபத்தாறு வருடம் காலை ஏழு பதினாலு டப்பாவில் போனவள். அந்த இருபத்தாறு வருடமும் அதைத் திட்டாமல் ஒரு நாள்கூட வீடு திரும்பியதில்லை. அதே வாயால் அவள் இப்போது எழுந்து நின்று பேசினாள்.

"தலைவரே, அழகா இருந்ததையெல்லாம் ஆளாளுக்குக் காப்பாத்தியாச்சு. இன்னும் அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து, அந்தக் காலத்து ஜனங்க வேலைக்கு எதுல போனாங்கன்னு கேப்பான். பித்தளை பளபளக்கற வண்டியக் காட்டுவீங்க. அது பொய். நாங்க டப்பாவுலதான் போனோம். எங்க ஆயுசுல பாதி அதுக்குள்ளதான் போச்சு. அத ஒருத்தரும் காப்பாத்தலேன்னா, நாங்க எங்கயுமே போகலேன்னு ஆயிடும்."

சொல்லி முடித்தபோது அவள் குரல் உடைந்துவிட்டது. அதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஓட்டெடுப்பில் நாலுக்கு நாலு வந்தது. எதிராகக் கை தூக்கிய நால்வரில் க்ளிஃபர்டும் ஒருவர்.

முடிவு தலைவர் கையில் வந்துவிட்டது. டெஸ்மண்ட் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். அப்படிப்பட்டவர்கள் செய்வதையே அவரும் செய்தார், அதாவது நிபந்தனை போட்டார். டப்பாவைக் கொண்டுவரலாம். அடுத்த செப்டம்பர் திருவிழா நாளில் மூன்று முறை ஓட்டலாம். கடைசி ஓட்டத்தில் தொண்ணூற்றாறு இருக்கையில் பாதியாவது நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு மற்றதை வெட்டுப்பட்டறைக்கே அனுப்பிவிடுவது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. காருக்குள் தலைவர் இல்லையே.

டப்பா வந்து சேர்ந்தது. சங்கத்தில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்று ஒன்று உண்டு. எழுபதைத் தாண்டிய ஒன்பது பேர், வாரா வாரம் செவ்வாயன்று பட்டறைக்கு வந்து எதையாவது பழுது பார்ப்பவர்கள். ஆடுகிற நாற்காலியைக்கூட ஆடுகிறபடி விட்டுவைக்க அவர்களால் முடியாது. அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். க்ளிஃபர்ட்தான் அவர்களுக்குத் தலைமை.

முதல் செவ்வாய், "இன்ஜினை மட்டும் சும்மா ஒரு பார்வை பாக்கறேன்," என்று போனார். மூன்றாவது செவ்வாய், சாப்பாட்டு நேரத்துக்கும் வரவில்லை. குளிர்காலத்தில் செவ்வாய் போதாமல் புதன், வியாழனையும் சேர்த்துக்கொண்டார். ஜனவரியில் டப்பாவின் கதவுகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

"திறப்பு நாள் வரைக்கும் நீ உள்ள வரக்கூடாது," என்றார்.

"என் வண்டி அது."

"அதனாலதான்."

ப்ரூடன்ஸுக்கு உள்ளூர இனித்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட மனிதர் இப்போது கிரீஸ் கறையோடு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அவள் தன் பங்குக்கு, டப்பாவில் கூட வந்த பழைய பயணிகளின் விலாசங்களைத் தேடிப் பிடித்து நூற்றி நாற்பது கடிதம் எழுதினாள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. காலைப் பதினோரு மணி ஓட்டத்துக்கு நடைமேடை நிறையக் கூட்டம். கடிதம் வீண்போகவில்லை. டப்பா கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. அவள் முதலில் கவனித்தது, அது வந்த சத்தமே கேட்கவில்லை என்பதைத்தான்.

கதவுகள் மெதுவாக, மரியாதையாகத் திறந்தன. உள்ளே ஏறினால் இதமான சூடு. இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஜன்னலில் ஒரு பொட்டுக் காற்று நுழையவில்லை. ஆர்னால்டின் வார்னிஷில் முகம் தெரிந்தது. கழிப்பறை திறந்திருந்தது, உள்ளே சோப்பும் இருந்தது. கல்குவாரி வளைவு வந்தபோது பழைய வழக்கப்படி எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சக்கரம் கிறீச்சிடவே இல்லை. வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

பெட்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்தார்கள். கைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு மறுபடி ஆடுகளைப் பார்த்தார்கள்.

ப்ரூடன்ஸுக்கு எதிரே ஹோவர்ட் த்வெய்ட் உட்கார்ந்திருந்தார். ஏழு பதினாலில் பத்தொன்பது வருடம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வந்த மனிதர். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் அவளிடம் பேசியது பதினோரு முறை, பதினோரு முறையும் வண்டி எங்காவது நின்றுபோன நாளில். ஒரு முறை பனியில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டபோது, தன் பன்றிக்கறி அடைத்த ரொட்டியில் பாதியை அவளுக்குப் பிய்த்துக் கொடுத்து, மனைவி தன்னை விட்டுப்போன கதையை முழுக்கச் சொன்னார். மறுநாள் வண்டி நேரத்துக்கு வந்தது. அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இறங்கும்போது ஹோவர்ட் தொப்பியைத் தொட்டு, "ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. யார்க்ஷயர்க்காரன் ஒன்றைப் பார்த்து 'மோசமில்லை' என்றால் அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம். 'ரொம்ப நல்லா இருக்கு' என்றால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் இறங்கிய நாற்பது பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் தயங்கி நின்று, "ஏன் கண்ணு, எங்க பழைய வண்டியும் வரும்னு கடுதாசியில போட்டிருந்ததே, அது எப்ப வரும்?" என்று கேட்டாள்.

ஒரு மணி ஓட்டத்தில் ஒன்பது பேர் ஏறினார்கள். அதில் இரண்டு பேர் நிர்வாகக் குழு. டெஸ்மண்ட் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லைதான், ஆனால் குறித்துக்கொண்டார். மூன்று இருபதுக்குக் கடைசி ஓட்டம். நாற்பத்தெட்டுப் பேர் வேண்டும். தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்த கூட்டம் கார் சாவியைத் துழாவ ஆரம்பித்திருந்தது.

ப்ரூடன்ஸ் கொட்டகைக்குப் பின்பக்கம் போனாள். க்ளிஃபர்ட் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. பதினோரு மாத உழைப்பு இது. வண்டி கைவிட்டுப் போவதைவிட, இவரிடம் இதைச் சொல்வதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள்.

சாண்ட்விச் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். அவருக்குமா அர்த்தம் தெரியாது.

"என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல, க்ளிஃப். அதான்," என்றாள் அவள். "தப்பே இல்லாம இருக்கு. இது எங்க வண்டி இல்ல. இதுல ஏறினவங்களுக்குப் பேச ஒண்ணுமே இல்லாமப் போச்சு."

அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து கிரீஸ் படிந்த ஒரு சின்ன நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். உள்ளே எண் போட்டு, கட்டம் கட்டி, அவர் கையெழுத்து. ஒன்று: கதவோரக் காற்று, இடது கழுத்து. இரண்டு: இருக்கைக் கம்பி, மூன்றாம் வரிசை, ஸ்டாக்கிங் கிழிக்கிறது. ஏழு: மழை, விளக்குக்குப் பக்கத்தில் ஒழுகல், காற்று மேற்கிலிருந்து வந்தால் மட்டும். பத்தொன்பது: கல்குவாரி வளைவு, பல் கூச்சம். அப்படியே முப்பத்தொன்று வரை போயிற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். இருபத்தாறு வருடம் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் புலம்பிய எல்லாமே அதில் இருந்தது.

"நான் பேசறப்ப நீ பேப்பர்ல மூழ்கியிருப்பியே," என்றாள்.

"பேப்பர்ல அப்படி என்னத்தப் போட்டுட்டான்."

"பின்ன ஒரு நாளாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்றது? அப்ப வண்டி என் கையில இல்ல." அவர் காலடியைப் பார்த்துக்கொண்டார். "கைக்கு வந்ததும் சரி பண்ணேன்."

ப்ரூடன்ஸ் அழுதுவிட்டாள். இப்படி ஒரு மனிதரை எதிர் மேஜையில் வைத்து எத்தனை கூட்டத்தில் மட்டம் தட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு ஆறவில்லை. க்ளிஃபர்ட் கைக்குட்டையைத் தேடி, அதிலும் கிரீஸ் இருந்ததால் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, மணியைப் பார்த்தார்.

"ஒண்ணே முக்கால்," என்றார். "எதெது திரும்ப வேணும்?"

"என்ன?"

"நோட்டு உன் கையிலதான இருக்கு. படி. ஒண்ணரை மணி நேரத்துல எத்தனை முடியுமோ அத்தனையும் கெடுத்துடலாம். பிரேக்க மட்டும் தொடமாட்டேன்."

"பிரேக்குல எனக்கு எப்பவும் குறை இருந்ததில்ல."

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது ஒன்பது கிழவர்களும் சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். ஆனால் வேலை என்று வந்தபின் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. நல்லவேளையாக அந்தச் சங்கத்தில் எதையும் தூக்கிப் போடும் வழக்கமே கிடையாது. பழைய இருக்கை மெத்தைகள் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தன. இற்றுப்போன ஜன்னல் ரப்பர்கள்கூடச் சுருட்டி, சீட்டுக் கட்டி, அலமாரியில் இருந்தன. சக்கர விளிம்புக்கு எண்ணெய் விடும் கருவியை அடைத்தார்கள். தண்டவாள வளைவில் படிந்திருந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க இரண்டு பேர் துணியோடு கல்குவாரிக்கு ஓடினார்கள்.

"ஹீட்டர்?" என்றார் க்ளிஃபர்ட் தரையில் படுத்தபடி.

"காலுக்கு மட்டும் சுடணும். முழங்காலுக்கு மேல வெறைக்கணும்."

"எந்தப் பக்கம்?"

"சுடறது இடப்பக்கம். வலப்பக்கம் ஒண்ணுமே கிடையாது."

"கழிப்பறை?"

"பூட்டு. கையால எழுதின அட்டை ஒண்ணு தொங்கணும்."

"அட்டையில என்ன எழுதறது?"

"மன்னிக்கவும்னு மட்டும். காரணம் போட்டதே இல்ல."

ஆர்னால்ட் பேர்ஸ்டோ மட்டும் தன் வார்னிஷ் அடித்த கதவருகே உப்புத்தாளோடு நின்று, கையை எடுத்துப்போவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். கடைசியில் ப்ரூடன்ஸே அவர் கையிலிருந்து அதை வாங்கித் தேய்த்துவிட்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று பதினெட்டுக்கு எல்லாம் முடிந்தது. க்ளிஃபர்ட் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வேற ஏதாச்சும்?"

"இருக்கு," என்றாள். "நேரத்துக்குக் கிளம்பக்கூடாது."

ஒன்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வண்டியும் ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே மதம் அதுதான்.

"எவ்வளவு?" என்றார் க்ளிஃபர்ட் கம்மிய குரலில்.

"பதினோரு நிமிஷம். ஏன்னு யாருக்கும் சொல்லவும் கூடாது."

மூன்று இருபது ஆயிற்று. நடைமேடையில் பதினாறு பேர்தான். டப்பா கொட்டகை வாசலில் உறுமிக்கொண்டு நின்றது, நகரவில்லை. மூன்று இருபத்திரண்டுக்கு ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்து நாலுக்கு ஒரு பெண் உதட்டைச் சுழித்து 'ச்சு' கொட்டினாள். பக்கத்தில் நின்றவர், அவளை இதுவரை பார்த்தேயிராதவர், "எப்பவும் இதே கதைதான்," என்றார். மழையும் பிடித்துக்கொண்டது. அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஒருவர் விசாரிக்கத் தேநீர்க்கடைக்குப் போனார். கேட்டவுடன் அங்கே பாதி மேஜை எழுந்துவிட்டது.

"என்னது, வரலையா?"

"ஏன்னும் சொல்லலையாம்."

"மழையில நிக்க வெச்சிருக்கானா? அப்ப அது நம்ம வண்டியேதான்."

கார் சாவிகள் பைக்குள் திரும்பிப் போயின. மூன்று முப்பத்தொன்றுக்கு டப்பா வந்து நின்றபோது, நடைமேடையில் முண்டியடித்தார்கள். கதவு பாதி திறந்து, யோசித்து, மூடி, மறுபடி திறந்தது. ஜனங்கள் ஒரு குரலாக முனகினார்கள்.

கல்குவாரி வளைவில் சக்கரம் கிறீச்சிட்ட கிறீச்சில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. பெரியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மேற்குக் காற்றில் விளக்குக்குப் பக்கத்தில் ஒழுக ஆரம்பித்தது. ஹோவர்ட் த்வெய்ட் பேப்பரை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணிடம் தன் இடுப்பு அறுவை சிகிச்சையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் கம்பி குத்திய இருவர், எந்த வருடத்துக் கம்பி மோசம் என்று வாதாடினார்கள். பெட்டி முழுக்கப் பேச்சு.

டெஸ்மண்டுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நனைந்த தோளோடு கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி எண்ணிப் பார்த்தார். எழுபது வரை எண்ணியதும் யாரோ அவர் காலை மிதித்தார்கள். விட்டுவிட்டார்.

"இது சகிக்கல," என்றார் ப்ரூடன்ஸிடம். "இதப்பத்தி நான் எழுதத்தான் போறேன். பதினோரு நிமிஷம். காரணமும் இல்ல."

"எழுதுங்க, தலைவரே. தலைவருக்கு முகவரி போட்டு எழுதுங்க."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஈர நோட்டை எடுத்து, இன்ஜினைக் கழற்றுவது என்று எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். ப்ரூடன்ஸ் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

பெட்டியின் அந்தக் கடைசியில், பூட்டிய கழிப்பறை வாசலில் க்ளிஃபர்ட் நின்றிருந்தார். சுற்றிலும் எழுபது பேர் அவருடைய வண்டியைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் ஒரு திருகாணியைக்கூடத் தளர விடாத மனிதரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ப்ரூடன்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று, கிரீஸ் படிந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலோரம் குளிரில் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், நல்ல சண்டைக்கு ஆள் கிடைத்த திருப்தியோடு அவளைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க கண்ணு, இந்த வண்டிய இந்த லட்சணத்துல வெச்சிருக்கறது எந்த மகராசன்?"

"என் வீட்டுக்காரர்தான்," என்றாள் ப்ரூடன்ஸ். அத்தனை பெருமையோடு அவள் அதைச் சொன்னதே இல்லை.